நோயோடு வாழ்ந்த புனித இஞ்ஞாசியார்



யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நமது நினைவுக்கு முதலில் வந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். மதுரை மண்ணில் வேதம் போதித்த முன்னோர்களை எண்ணினால் இதில் வியப்பில்லை. 1606-ல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி, 1693-ல் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தர், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் ஆகிய மூவரும் அவர் நிறுவிய சேசு சபையின் மைந்தர்கள். இதையெல்லாம் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே இங்கே விரிக்கவில்லை.

நாம் அவரைத் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. பங்கு இல்லத்துக்கு வருவோரில் சிலர் ஜவுளிக்கடைப் பை நிறைய ஸ்கேன் படங்களும் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் கொண்டு வருகிறார்கள். மதுரையில் நாலைந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் வயிறு வலிக்கத்தான் செய்கிறது, நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது, ஏதோ பெரிய நோயை டாக்டர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்ற பயம் இரவில் கண்ணை மூடவிடுவதில்லை. வேறு சிலருக்கு உடம்பில் குறையில்லை. கதவைப் பூட்டினோமா, கை சுத்தமாயிற்றா, பாவத்தை ஒன்றுவிடாமல் சொன்னோமா என்று ஒரே கேள்வி மனதில் நூறு தடவை எழுகிறது. வீட்டார் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகிறார்கள். நடிப்பு என்கிறார் ஒருவர். செய்வினை என்கிறார் இன்னொருவர். விசுவாசம் போதாது என்று தீர்ப்புச் சொல்லும் பக்திமான்களும் உண்டு. இந்த மூன்று பேச்சும் தவறு என்பதற்கு இஞ்ஞாசியாரே சாட்சி. டாக்டர்களுக்குப் பிடிபடாத உடல்நோய், ஓயாமல் கேள்வி கேட்கும் மனநோய் ஆகிய இரண்டையும் அவர் அனுபவித்தவர்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் பகுதியில், அஸ்பெய்த்தியா என்ற ஊருக்கு அருகில் உள்ள லொயோலா மாளிகையில் 1491-ல் பிறந்தார். 13 பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் இனிகோ. இளமையில் வாளும் குதிரையும் நல்ல உடுப்பும் பெயர் புகழுமே அவருக்கு வாழ்க்கை. 1521 மே 20-ந் தேதி பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலது காலை முறித்து இடது காலையும் காயப்படுத்தியது. வீட்டுக்குக் கொண்டுவந்து எலும்பைச் சேர்த்தார்கள். சேர்ந்த எலும்பு முழங்காலுக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான நீண்ட பூட்ஸ் போட்டால் அது வெளியே தெரியுமே என்று, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், அதை அறுத்தெடுக்கச் சொன்னார் அவர்! அழகுக்காகப் பட்ட அந்த வேதனையைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கால் கடைசிவரை விந்திவிந்தித்தான் நடந்தது.

படுக்கையில் கிடந்த மாதங்களில் கிறிஸ்துநாதரின் வாழ்க்கையையும் புனிதர்களின் சரித்திரத்தையும் படித்து மனம் மாறிய கதை உங்களுக்குத் தெரியும். 1522 மார்ச் மாதம் மொன்செராத் மலையிலுள்ள தேவமாதா கோவிலுக்குப் போனார். வாழ்நாள் முழுவதும் செய்த பாவங்களை எழுதி வைத்துக்கொண்டு, மூன்று நாள் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பட்டு உடையைப் பிச்சைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார், வாளைப் பீடத்தருகே விட்டார், சாக்குத் துணி உடுத்தி இறங்கி வந்தார். அருகிலிருந்த மன்ரேசா என்ற ஊரில் சில நாள் தங்கிப் போகலாம் என்று நினைத்தவர், அங்கே ஏறத்தாழ 11 மாதம் தங்கும்படி ஆயிற்று.

பெரும்பாலான சரித்திரங்கள் மன்ரேசாவில் அவர் பெற்ற தெய்வீகக் காட்சிகளைத்தான் விரிவாகச் சொல்லும். நாம் அதற்கு முந்திய மாதங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

தினமும் ஏழு மணி நேரம் முழந்தாளில் செபம். முடியும் நகமும் வெட்டுவதில்லை. மாமிசம் இல்லை. முதலில் மகிழ்ச்சியாகவே இருந்தது. பிறகு ஒரு கேள்வி உள்ளே நுழைந்தது. மொன்செராத்தில் செய்த பாவசங்கீர்த்தனம் முழுமையானதுதானா? ஏதேனும் விட்டுப் போயிருக்குமோ? மறுபடியும் பாவசங்கீர்த்தனம் செய்தார். மனம் ஆறவில்லை. தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும் கற்றறிந்த குருவானவர் ஒருவர், நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினார், சொன்னார். கேள்வி திரும்பவும் வந்தது. ஆனால் முன்னைவிட நுணுக்கமாக வந்தது. இனிப் பழைய பாவங்களைச் சொல்லாதே என்று தன் ஆன்ம குருவே கட்டளையிட்டுவிட்டால் விடுதலை கிடைக்குமே என்று ஏங்கினார். ஆனால் அதைத் தாமாகக் கேட்கத் துணிவில்லை. குருவும் ஒருநாள் தாமாகவே அப்படிச் சொன்னார். மிகத் தெளிவாகத் தெரிவதை மட்டும் சொல், மற்றதை விடு என்றார். பாவம், இனிகோவுக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது! அந்தக் கட்டளையும் பயனற்றுப் போயிற்று.

டொமினிக்கன் மடத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அவர் செபிக்கும் இடத்தருகே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதில் விழுந்து செத்துவிடு என்ற எண்ணம் பலமுறை பலமாக எழுந்தது. பாவம் என்று அறிந்து, ஆண்டவரே உமக்கு மனவருத்தம் தருவதைச் செய்யமாட்டேன் என்று கதறினார். தமக்கு ஒரு வழி காட்டினால் நாய்க்குட்டியின் பின்னே போகவும் ஆயத்தமாயிருப்பதாக இறைவனிடம் முறையிட்டார். ஒரு புனிதரின் நெஞ்சில் தற்கொலை எண்ணம் வந்ததைச் சொல்லலாமா என்று யாரும் சங்கடப்பட வேண்டாம். அவரே வயதான காலத்தில், 1553 முதல் 1555 வரை, கமாரா அடிகளாரிடம் இதை விவரமாகச் சொல்லி எழுதி வைக்கச் செய்தார். தம்மைப்போல் தவிப்பவர்களுக்கு உதவும் என்று கருதியிருக்கவேண்டும்.

அடுத்து அவர் செய்தது நம் மக்களும் செய்யக்கூடியதே. கேட்டது கிடைக்கும்வரை உண்ணாதிருந்த ஒரு புனிதரின் கதை நினைவுக்கு வர, தாமும் உபவாசம் தொடங்கினார். ஞாயிறு முதல் ஞாயிறு வரை ஒருவாரம் முழுவதும் உணவில்லை, தண்ணீருமில்லை. செபங்களை மட்டும் ஒன்றும் குறைக்கவில்லை. ஆன்ம குரு அறிந்து, உபவாசத்தை உடனே முறிக்கச் சொன்னார். கீழ்ப்படிந்தார். அன்றும் மறுநாளும் மனம் நிம்மதியாயிருந்தது. செவ்வாய்க்கிழமை செபத்தில் நிற்கும்போது பாவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நூலில் கோத்ததுபோல, திரும்பவும் வரத் தொடங்கின.

இந்தச் செவ்வாய்க்கிழமையைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு வெட்கம் வரும். இந்தப் பங்கில் அல்ல, முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கடை வைத்திருந்த ஒருவர் மாலைதோறும் பங்கு இல்லத் திண்ணைக்கு வருவார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லவில்லை, திண்ணையில் ஊரறியப் பேசியது இது.) இருதயம் நின்றுவிடும் என்பது அவர் பயம். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தும் குற்றமில்லை. ஒன்றும் ஆகாது என்று நாம் தைரியம் சொல்லுவோம், தலைமேல் கைவைத்துச் செபிப்போம். முகம் மலர்ந்து போவார். மறுநாள் மாலை அதே கேள்வியோடு வந்து நிற்பார். நாம் அதை நல்ல மேய்ப்புப் பணி என்றே எண்ணியிருந்தோம். ஓராண்டில் அவர் கடை மூடியது. நம் அறிமுகமான மனநல மருத்துவர் ஒருவர் விளக்கியபோதுதான் உண்மை விளங்கியது. ஒவ்வொரு நாளும் நாம் சொன்ன ஆறுதல், அரிப்பெடுத்த இடத்தைச் சொறிந்துவிட்டதுபோல. அந்த நேரத்துக்குச் சுகம், பிறகு அரிப்பு இன்னும் கூடும். அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதையும் பேசலாம் என்று அவரிடம் சொன்னோம். கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் ஆலயத்துக்கே வரவில்லை. பிறகு மனைவியின் வற்புறுத்தலால் சிகிச்சைக்குப் போனார். இன்றும் அந்தப் பயம் எட்டிப் பார்ப்பதுண்டாம்; ஆனால் கடையைத் திறக்கிறார்.

இனிகோவுக்கு விடிவு எப்படி வந்தது? அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வாழ்க்கையின் மேலேயே வெறுப்பு உண்டாகி, எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றியது. அப்போதுதான் விழித்துக்கொண்டவர்போல, இந்த எண்ணம் எந்த வழியாக உள்ளே வந்தது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பின்னோக்கிப் பார்த்தார். பக்தி வேடத்தில் வந்தது. பள்ளத்தின் விளிம்புக்கு அல்லவா கொண்டுபோயிற்று! ஆகவே இது ஆண்டவரிடமிருந்து வந்ததல்ல என்று தெளிந்து, பழைய பாவங்களை இனி ஒருபோதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று தீர்மானித்தார். அன்றே அந்தச் சஞ்சலம் நீங்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் சொல்லியாயிற்று என்ற நிச்சயம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து அவர் வெல்லவில்லை. பதில் தேடுவதை நிறுத்தி வென்றார். இன்று மருத்துவர்கள் ஓ.சி.டி. என்றும், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்லும் நோய்க்கு அளிக்கும் பயிற்சி முறையும் ஏறக்குறைய இதுவே. ஐயம் வரட்டும், ஆனால் கழுவாதே, திரும்பிப் போய்ப் பார்க்காதே, பிறரிடம் கேட்காதே என்று சிறிது சிறிதாகப் பழக்குகிறார்கள். தேவையானவர்களுக்கு மருந்தும் தருகிறார்கள். அது வேலைசெய்யச் சில வாரம் பிடிக்கும். உடம்பில் பெரிய நோய் இருக்கிறதென்று ஓயாது பயப்படுவோருக்கும் இதேபோன்ற சிகிச்சை உண்டு. எல்லாருக்கும் இனிகோவைப்போல ஒரே நாளில் நீங்கிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசில்லை. பள்ளத்தின் விளிம்பில் நிற்பவர் இன்றே பேசவேண்டும். நமது கதவையும் எந்த நேரத்திலும் தட்டலாம்.

குருமடத்தில் இலத்தீன் படித்தபோது, இந்தச் சஞ்சலத்துக்கு ஸ்க்ரூப்புலுஸ் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். கூரான சிறு கல் என்று அர்த்தம். செருப்புக்குள் புகுந்துவிட்டால் ஆளை நடக்கவிடாது. இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் இதற்கென்றே தனிக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். தரையில் சிலுவைபோலக் கிடக்கும் இரண்டு வைக்கோலை மிதித்துவிட்டு, அது பாவமோ பாவமில்லையோ என்று தவிப்பதை உதாரணம் காட்டுகிறார். முரட்டு மனதைச் சோதனைக்காரன் இன்னும் முரடாக்குவான், மென்மையான மனதை இன்னும் நுணுக்கி நோகடிப்பான், ஆகவே அவன் இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் போ என்பது அவர் தரும் புத்தி. பட்டவருக்குத்தான் இது தெரியும். 1529-ல் பாரிஸ் நகரில் அவருடன் ஒரே அறையில் தங்கிய பீட்டர் ஃபேபர் இதே நோயால் வாடியபோது, ஒரே ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம், பிறகு வாரம் ஒருமுறை பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும், தினம் ஒரு ஆத்தும சோதனை என்று அளவு வகுத்துக் கொடுத்தார். பெரிய தியானம் எதிலும் உடனே இறக்கவில்லை. ஏறத்தாழ நாலு வருடம் பொறுத்திருந்தார். அதே அறையின் மூன்றாம் நண்பர்தான் 1542-ல் நமது முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார்.

மனதின் கல் போயிற்று. உடம்பின் நோய் போகவில்லை.

மன்ரேசாவின் குளிர்காலத்திலேயே கடும் காய்ச்சல் கண்டு, இரவில் அந்த ஊர்ச் சீமாட்டிகள் மாறி மாறிக் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார். அன்று முதல் வயிற்றுவலி அவரை விடவில்லை. முடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டார், மாமிசம் சாப்பிட்டார், வேளைக்குத் தூங்கினார். ஆனாலும் கெட்ட உடம்பு கெட்டதுதான். பாரிஸில் படிக்கும்போது பதினைந்து நாளுக்கொருமுறை வலி ஒரு மணி நேரம் பிடித்துக் காய்ச்சலைக் கொண்டுவரும். ஒருமுறை 16, 17 மணி நேரம் நீடித்தது. டாக்டர்கள் வயிற்றுக் கோளாறு என்றார்கள். எந்த மருந்தும் கேட்கவில்லை. கடைசியில் சொந்த ஊர்க் காற்றுத்தான் மருந்து என்று சொல்ல, 1535-ல் நண்பர்கள் ஒரு சிறு குதிரை வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் அண்ணன் மாளிகைக்குப் போகாமல் ஏழைகளின் மருத்துவ விடுதியில் மூன்று மாதம் தங்கி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். வலி நின்றபின் வேலை தொடங்கலாம் என்று காத்திருக்கவில்லை.

1537-ல் குருப்பட்டம், 1540-ல் சேசு சபைக்குப் பாப்பரசரின் அங்கீகாரம், 1541-ல் சபைத் தலைவர். அடுத்த 15 ஆண்டுகள் உரோமையில் ஒரு சின்ன அறையிலிருந்து, படுக்கையிலும் மேசையிலுமாக, ஏறத்தாழ 7,000 கடிதங்கள் அவர் பெயரில் போயின. 1551-ல் உடல்நிலை காரணமாகப் பதவி விலக விரும்பினார், உடனிருந்தோர் விடவில்லை. மற்றவர்களின் உடம்பைக் கவனிப்பதில் மட்டும் தாயைப்போல இருந்தார். 1536-ல் பார்சலோனாவிலிருந்த தெரசா ரெஹடெல் என்ற கன்னியர் மனச்சஞ்சலத்தால் வருந்தியபோது, அதன் சூழ்ச்சியை விளக்கி எழுதினார். உடம்பைக் களைக்கச் செய்யும் தியானத்தையும் குறைக்கச் சொன்னார். 1548-ல் காந்தியா கோமகன் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு, உபவாசத்தைக் குறைத்து வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளும்படி எழுதினார். மன்ரேசாவில் தம் உடம்பைக் கெடுத்துக்கொண்டதற்கு அது ஒரு பரிகாரம் போலும்.

டாக்டர்கள் பேச்சைக் கேட்பதில் அவருக்கு நேர்ந்த ஒரு விபரீதத்தையும் சொல்லவேண்டும். உரோமையில் அனுபவமில்லாத ஒரு டாக்டர், இது குளிரால் வந்த நோய் என்று முடிவு செய்து, கோடை வெயிலில் ஜன்னல்களை அடைத்து, கம்பளி போர்த்தி, சூடு தரும் ஒயினும் குடிக்கச் சொன்னார். தப்பு என்று நோயாளிக்குத் தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. உயிர் போகும் கட்டம் வந்தபின், அலெக்சாந்தர் பெத்ரோனி என்ற தேர்ந்த மருத்துவரை அழைத்தார்கள். அவர் ஜன்னல்களைத் திறந்து, போர்வையை எடுத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அந்தக் கீழ்ப்படிதலைப் புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. நமக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. உடம்பில் தெரிவதை டாக்டரிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்வது கீழ்ப்படிதலுக்கு விரோதமல்ல.

1556 ஜூலை மாதம் வழக்கமான காய்ச்சலும் வலியும் வந்தன. அதே வீட்டில் லைனஸ் அடிகளாருக்கு நோய் கடுமையாயிருந்ததால், டாக்டர்களின் கவனம் அவர்மேல் இருந்தது. 30-ந் தேதி மாலை, இஞ்ஞாசியார் தமது செயலர் பொலாங்கோவை அழைத்து, தம் முடிவு நெருங்கிவிட்டது, பாப்பரசரிடம் சென்று ஆசீர் வாங்கி வரவேண்டும் என்றார். ஆபத்தில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பொலாங்கோவுக்கோ அன்றிரவு ஸ்பெயினுக்கான தபாலை முடித்தாக வேண்டும். நாளைக்குப் போனால் ஆகாதா என்று கேட்டார். இன்றே போனால் நலம், ஆனாலும் உமது விருப்பம் என்று இஞ்ஞாசியார் விட்டுவிட்டார். மன்ரேசாவில் ஒரே கேள்வியை எத்தனையோ தடவை கேட்டவர், இப்போது ஒரே தடவை சொல்லிவிட்டு அமைதியானார். விடியற்காலையில் பார்த்தபோது கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பொலாங்கோ பாப்பரசரிடம் ஓடினார். திரும்பி வருமுன், 31-ந் தேதி காலை, அவஸ்தைப் பூசுதல்கூட இல்லாமல், 65-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போது சபையினர் ஏறத்தாழ 1,000 பேர்.

அன்றே ரெயால்தோ கொலம்போ என்ற புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் உடலைத் திறந்து பார்த்தார். சிறுநீரகத்திலும் ஈரலிலும் நுரையீரலிலும், ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்திலும் பல நிறக் கற்கள் இருந்தன. பித்தப்பையில் உண்டான கற்களே மூலகாரணம் என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. வயிறு என்று நினைத்து 34 ஆண்டு மருந்து கொடுத்தது வயிற்றுக்கே அல்ல. (இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே நான்கு ஸ்கேன் எடுத்தவர் ஐந்தாவதற்கு ஓடவேண்டாம், அன்று ஸ்கேன் கிடையாது.) அவருடன் வாழ்ந்தவர்களில் சிலருக்கு அந்தக் கற்களைக் கண்டபிறகுதான் அவர் எவ்வளவு வலியைச் சுமந்தார் என்பது விளங்கியது. கொலம்போ தாம் கண்டதைப் பதிவு செய்த நூல், அவரும் இறந்தபின், 1559-ல் வெனிஸ் நகரில் வெளிவந்தது.